மைனா கத்தும் ஜன்னல்

என்னங்க, கதவைத் திறக்காதீங்க. முதல்ல இதைப் படிங்க.

காலையிலேர்ந்து குளியலறை ஜன்னல்கிட்ட மைனாங்க கூட்டமா கத்துது. பறவைச் சத்தமெல்லாம் பதிஞ்சு வெச்சிருக்கிற வெப்சைட்ல போட்டுக் கேட்டேன். பாம்பைப் பார்த்தா போடுற அதே சத்தம். "குருவி பாஷை படிச்சு என்னத்தக் கிழிக்கப்போற?"ன்னு நேத்து கேட்டீங்களே. அதுக்கு இப்ப சண்டை போடத் தெம்பில்ல.

பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன். சாவி பக்கத்து வீட்டு டெய்லர்கிட்ட இருக்கு. பாம்பு பிடிக்கிறவர் சாயங்காலம் வர்றாராம். அதுவரைக்கும் உள்ள கால் வைக்காதீங்க. சாப்பாடும் அக்கா வீட்லதான், வந்துடுங்க.

வாசல்ல கிடக்கிற ஷூவையும் தொடாதீங்க.

இன்னொண்ணு. இதை எழுதும்போதே சத்தம் நின்னுடுச்சு. பாம்பு வெளியே போனா மைனாங்க கத்திக்கிட்டே பின்னாடி போகுமாம். எதுவும் போகல. எல்லாம் சுவர் மேல உக்காந்து நம்ம ஜன்னலையே பாக்குது.