கீழ் இமை வெளுப்பு

10.8.94, புதன்
விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. மாட்டுக்கொட்டகை ஓடு இரண்டு போச்சு. மாற்றிப் போட ஆள் கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரி செல்விக்கு ஏழாம் மாதம். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தார்கள். எட்டு. போன மாதமும் எட்டு. முப்பது இரும்புச்சத்து மாத்திரை எங்கே போயிற்றோ!

நர்ஸம்மா: "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா இங்க பிரசவம் பாக்க மாட்டமுங்க. கோயமுத்தூருக்குப் போயி ரத்தம் ஏத்தோணும்."

மூத்தவள் பிறந்தபோது இவளுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. மாத்திரையை முழுங்காமல் ஏமாற்றுகிறாளோ? அதெல்லாம் இல்லை. நானே தினம் கையில் வைத்துக் கொடுக்கிறேன். குமட்டாமல் இருக்கக் கெட்டியாகக் காப்பியும் போட்டுத் தருகிறேன். என் பக்கம் பிசகில்லை.

11, வியாழன்
பொள்ளாச்சி சந்தை. கூட்டம். செவலைப் பசு ஒன்று பிடித்திருந்தது. பல் பார்த்தேன், சுழி பார்த்தேன். கீழ் இமையை இழுத்தால் வெளுப்பு. "ரத்தமில்லாத மாடுங்க, வேண்டாம்" என்று விட்டேன். தரகர், "உங்க கண்ணுக்குத் தப்புமுங்களா?" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

வாங்கியது: மூக்கணாங்கயிறு 2, மாட்டுக்குத் தாது உப்பு 1 கி.

பஸ் ஏறி உட்கார்ந்ததும் சுருக்கென்றது. செல்வியின் இமையை ஒரு நாள் பார்த்திருப்பேனா? மாட்டுக்கு உப்பை அளந்து வைக்கிறவன்.

12, வெள்ளி
காலை வெளிச்சத்தில் வாசலில் நிற்க வைத்து இழுத்துப் பார்த்தேன். அந்தச் செவலையே தேவலாம்.

அவளுக்குச் சிரிப்பு. "ஏனுங்க மாமா, பல்லையும் எண்ணிப்போடுங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நாலு நடை. உட்கார முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனேன்.

நர்ஸம்மா கேட்டார்: "மாத்திரைய எதுல முழுங்கறாங்க?"

"நானே காப்பி போட்டுக் குடுக்கறனுங்க."

"அட என்னங்க நீங்க! காப்பியும் டீயும் இரும்புச்சத்தை ஒடம்புல சேர உடாதுங்க. எலுமிச்சந் தண்ணியில குடுங்க, அதுல இருக்கற வைட்டமின் சி சேத்துக் குடுக்கும். காப்பி ரெண்டு மணி நேரம் தள்ளித்தானுங்க."

முப்பது நாளும் என் கையாலேயே கெடுத்திருக்கிறேன். படுபாவி. வீட்டில் சொல்லவில்லை.

13, சனி
காற்று குறையவில்லை.
மாத்.: 7 மணி, எலு. தண்ணீர்.
காப்பி: 9க்கு மேல்.
முருங்கைக்கீரை. கொள்ளு. நெல்லிக்காய் கிடைத்தால்.

மதியம் சோறு இறங்கவில்லை. சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கீரை உருவினாள். பிறகு: "நீங்க போட்ட காப்பிங்கறதுக்காகத்தானுங்க அந்தக் கருமத்தை முழுங்குனேன்."

எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டேன்.

20, சனி
எலுமிச்சை புளிப்பில் முகம் சுளிக்கிறாள். ஆனாலும் குடிக்கிறாள். தினம் காலை இமை பார்க்கிறேன். ஒரே வாரத்தில் என்ன தெரியும்? தெரிந்தும் பார்க்கிறேன்.

14.9.94, புதன்
ஆஸ்பத்திரி. விரலில் குத்தினார்கள். ஆஸ்பத்திரி வேப்பமரத்தை எத்தனை சுற்று சுற்றினேனோ. "ஆம்பளைய உக்காரச் சொல்லுங்க, எனக்குத் தலை சுத்துது" என்று உள்ளே யாரோ.

ஒன்பதரை.

நர்ஸம்மா: "ஏறுதுங்க. இன்னம் ஏறோணும். விட்றாதீங்க."

வெளியே வந்ததும் செல்வி தானே வெயிலுக்குத் திரும்பி நின்றாள். "பாருங்க." இமையை இழுத்தேன். சந்தையில் ஒரு நொடியில் சொல்கிறவன். இன்று கண் கலங்கி நிறமே தெரியவில்லை.