கட்டை விரலுக்குப் பின்னால்

மார்ச் 4

அன்புள்ள அரை டாக்டருக்கு,

இந்தக் கடிதத்தில் எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். இல்லையென்றால் எங்காவது பாதை மாறிவிடுவேன்.

1. உன் மேற்படிப்பு விண்ணப்பக் கட்டுரையில் படிப்பு பற்றிய பகுதிக்கான திருத்தங்கள்.
2. வீட்டில் கேட்கும் சத்தம்.
3. ஆராய்ச்சி அனுபவம் பற்றிய பத்தியை எடுத்துவிட வேண்டும் என்பது.
4. நீ அறுத்துப் பார்த்த கை உன் அத்தையின் கை அல்ல என்பது.

முதலாவது. பள்ளி மதிப்பெண்களை இவ்வளவு விரிவாக எழுத வேண்டாம். உயிர்வேதியியலில் ஒருமுறை தேறாமல் போனதை மறைக்காதே. மறைத்தது தெரிந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். ‘சிறு வயது முதலே மருத்துவராகும் கனவு’ என்ற வரியை அடித்துவிட்டேன். சிறு வயதில் நீ பேருந்து ஓட்டத்தான் ஆசைப்பட்டாய். வண்டி பழுதாகி நிற்கும் நேரத்தில் மட்டும் டாக்டராக இருந்தாய்.

இரண்டாவது. உன் அத்தை இருந்தவரை, மாலையில் தட்டச்சு வேலையை முடித்ததும் எங்கள் இருவர் அறைக்கும் நடுவிலுள்ள பலகைத் தடுப்பில் இருமுறை தட்டுவாள். தேநீர் தயார் என்று அர்த்தம். அவள் போய் மூன்று வருடமாகிறது. போன மாதம் முதல் அந்தச் சத்தம் மறுபடி கேட்கிறது. வெயிலில் பலகை விரிவதாக இருக்கலாம். தண்ணீர்க் குழாயாகவும் இருக்கலாம் என்று குழாய்க்காரரை வரவழைத்தேன்.

“சார், இந்தக் குழாயில தண்ணி வந்தே ரொம்ப நாளாச்சு. தண்ணி இல்லாம சத்தம் எங்கேருந்து வரும்?” என்றார்.

“எலியா இருக்குமோ?”

“எலி ரெண்டு தட்டு தட்டிட்டு பதிலுக்கா காத்திருக்கும்?”

கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமாகக் கிளம்பினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாவது. நீ எழுதியிருப்பது இது: ‘அறுவைக் கூடத்தில் எங்கள் மேசைக்கு ஒரு முதிய பெண்ணின் வலது கை மட்டும் வந்தது. நாடி பார்க்கும் இரத்தக் குழாயை எல்லோரும் பாடநூலில் உள்ளபடி மணிக்கட்டின் உட்புறத்தில் தேடினார்கள். என் கை தானாகக் கட்டை விரலுக்குப் பின்னால் போனது. குழாய் அங்கேதான் ஓடியது. ஏன் அங்கே தேடினேன் என்று தெரியவில்லை.’ தெரியவில்லை என்று ஓர் ஆராய்ச்சியாளன் எழுதலாமா? ஆகவே முழுப் பத்தியையும் எடுத்துவிடு. இது வலுவான காரணம் இல்லை என்று எனக்கே தோன்றுகிறது. இருந்தாலும் எடுத்துவிடு.

நான்காவது. அத்தையின் உடலை நாங்கள் தானமாகக் கொடுத்தது இந்த ஊர் மருத்துவக் கல்லூரிக்கு. நீ படிப்பது வேறு ஊரில். மேலும், இப்படிக் குழாய் இடம் மாறி ஓடுவது அரிது. ஆனால் அரிது என்பதும் ஒருவருக்கு மட்டும் என்பதும் ஒன்றல்ல. வேலைக்காலம் முழுக்கப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் சொல்கிறேன். மூன்றாவதாக ஒரு காரணமும் வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்ததும் மறந்துவிட்டது. ஆகையால் வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பெரியப்பா


மார்ச் 13

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். திருத்தங்களுக்கு நன்றி. பேருந்து விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

பெரியப்பா, உங்கள் நான்காவது குறிப்பைப் படிக்கும்வரை அப்படி ஒரு நினைப்பே எனக்கு வந்ததில்லை. நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஏன் ‘இல்லை’ என்று பதில் எழுதினீர்கள்?

கடிதத்தை மடித்து வைத்த பிறகுதான் சிறு வயதில் அத்தையோடு ஆடிய டாக்டர் விளையாட்டு நினைவுக்கு வந்தது. நான் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன். ஒன்றும் துடிக்காது. “நாடி இல்ல. அத்தை செத்துப்போச்சு” என்று உங்கள் அறைவரை கேட்கும்படி அறிவிப்பேன். அத்தை கண்ணை மூடி, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடப்பார். நான் அழப்போகிற நேரம் பார்த்து ஒரு கண்ணை மட்டும் திறப்பார். “அரை டாக்டரு, இப்படியா பட்டுன்னு சொல்லுவ? கட்டை விரலுக்குப் பின்னால பாருடா.” அங்கே துடிக்கும். எல்லோருக்கும் அங்கேதான் இருக்கும் என்று நினைத்து என் கையிலும் தேடி, கிடைக்காமல், எனக்கு உயிரே இல்லை என்று அழுதிருக்கிறேன். இதையெல்லாம் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. என் கை மறக்கவில்லை போலிருக்கிறது.

கூடத்து உதவியாளரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். எங்களுக்குப் பற்றாக்குறை வந்தால் உங்கள் ஊர்க் கல்லூரியிலிருந்தும் அனுப்புவார்களாம். எண் மட்டும்தான் வரும். யார் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

அன்றிலிருந்து என்னால் அறுவைக் கூடத்துக்குள் போக முடியவில்லை. எந்தக் கையைப் பார்த்தாலும் அத்தை கையாக இருக்கிறது. பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கும் கை, கடையில் பையை நீட்டும் கை, எல்லாம். பேராசிரியை கூப்பிட்டு விசாரித்தார்.

“என்னப்பா, முதல் வருஷத்துலயே மயங்கி விழாத ஆளு, இப்ப வந்து வாசல்லயே நிக்கிறே?”

“காய்ச்சல் மேடம்.”

“இத்தனை நாளாவா? அப்ப வார்டுல போய்ப் படு, உன்னை வெச்சு மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கிறேன்.”

இந்த மாதக் கடைசிக்குள் நான் கூடத்துக்குத் திரும்பினால்தான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவாராம். அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் ஆராய்ச்சி அனுபவம் என்று எழுத என்னிடம் வேறொன்றும் இல்லை. அதை அப்படியே அனுப்பவும் மனம் வரவில்லை. அத்தையை வைத்து இடம் வாங்கியதுபோல இருக்கும்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கையில், கட்டை விரலின் அடிச்சதைக்குள், ஒரு பழைய தையல் ஊசியின் முனை உடைந்து கிடந்தது. வெளியே தழும்புகூட இல்லை. ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாததால் கட்டுரையில் சேர்க்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். “உங்க அத்தைக்கா? முள்ளு குத்துனாலே ஊரைக் கூட்டுவாளே, ஊசி உள்ளே போனா சும்மா இருப்பாளா?” என்றார். அப்பாவுக்குத் தெரியாததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

‘இல்லை’ என்று எழுதுங்கள், நம்பிவிடுகிறேன். ‘ஆமாம்’ என்றாலும் எழுதிவிடுங்கள். அது அத்தை கை என்று தெரிந்துவிட்டால், மற்ற கைகளெல்லாம் அத்தை கை இல்லை என்றாகிவிடும். இரண்டில் ஏதாவது ஒன்று எனக்கு வேண்டும் பெரியப்பா.

உங்கள்
அரை டாக்டர்


மார்ச் 18

அன்புள்ள அரை டாக்டருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காய்ச்சல் என்று பேராசிரியையிடம் பொய் சொன்னது சரியல்ல. அவர் டாக்டர், தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கட்டுரையின் இரண்டாம் பத்தியில் ‘மேலும்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. குறைத்துக்கொள். இங்கே வெயில் ஏறிவிட்டது. கண்ணாடியை மாற்றச் சொல்கிறார்கள். பழைய கண்ணாடியே போதும் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஊசி பற்றி யோசித்து எழுதுகிறேன். இப்போது அத்தையின் தட்டச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் போட வேண்டியிருக்கிறது.

உன் பெரியப்பா


மார்ச் 22

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எண்ணெய் போட்டாயிற்றா?

அரை டாக்டர்


மார்ச் 26

அன்புள்ள டாக்டருக்கு,

‘இல்லை’ என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். மறுபடியும் அதையே, இன்னும் நல்ல கையெழுத்தில் எழுதினேன். மேற்படிப்புக்குப் போகிற பிள்ளையின் நிம்மதிக்கு ஒரு பொய் பெரிதல்ல என்று என்னை நானே தேற்றிக்கொண்டு உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. இருமுறை. வழக்கமாக நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் பார்ப்பேன். தட்டச்சு இயந்திரம் உறை போட்டபடி இருக்கும், நாற்காலி உள்ளே தள்ளியிருக்கும், திரும்பிவிடுவேன். நேற்று எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே நானும் தட்டினேன். அவள் இருந்தவரை நான் பதிலுக்குத் தட்டியதே இல்லை. தேநீர் ஆறிப்போகிறது என்று அவளே வந்து கதவில் நிற்பாள். தட்டிவிட்டுக் காத்திருந்தேன். வேறு சத்தம் இல்லை. எழுந்து போய்த் தேநீர் போட்டேன். கை பழக்கத்தில் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டது.

எனக்கு முதல் வேலைக்கான நேர்முகம் நடந்த நாளன்று சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. நான் அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே உன் அத்தை தைத்தாள். “ஆடாம நில்லு, நெஞ்சுல சேர்த்துத் தெச்சிடப் போறேன்” என்றாள். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், எந்த வாசலுக்குள் நுழைவதானாலும் எனக்கு நடுக்கம் வரும். இடது கையால் தைக்கிறவள் அவள்; ஊசி நழுவி வலது கட்டை விரலின் அடியில் ஏறி உடைந்தது. பாதி அவள் விரல்களில் இருந்தது, மீதியைக் காணவில்லை. “ஒண்ணும் இல்ல, நீ கிளம்பு, பஸ் போயிடும்” என்று உள்ளங்கையை மூடிக்கொண்டாள். நானும் கிளம்பிவிட்டேன். பிறகு ஒரு டாக்டரிடம் காட்டினோம். தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். வேலை கிடைத்த வீட்டில் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். முள் குத்தினால் ஊரைக் கூட்டுகிறவள் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கையால்தான் கடைசிவரை தட்டச்சு செய்தாள்.

உடலைக் கொடுப்பதற்கான தாளில் கையெழுத்திட்ட அன்று அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். “நம்ம அரை டாக்டர்கிட்ட மாட்டினேன்னு வெச்சுக்கோ, மறுபடியும் நாடி இல்லைன்னுதான் சொல்லுவான்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சிரித்தாள். பிறகு, “இல்லண்ணா, இந்தத் தடவை சரியாப் பார்த்துடுவான்” என்றாள்.

அன்றைக்கு அதை வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் வேறெப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய்.

நாளைக்கே கூடத்துக்குப் போ. மற்ற கைகள் வேறு யாருடையவோ. அவர்கள் வீட்டிலும் யாராவது என்னைப்போல உட்கார்ந்திருப்பார்கள், அதனால் மெதுவாகச் செய். ஆராய்ச்சிப் பத்தியை மறுபடி சேர்த்துவிடு. அத்தையை வைத்து இடம் வாங்கியதாக ஆகாது. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கைதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘ஏன் அங்கே தேடினேன் என்று தெரியவில்லை’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடு. அது இனி உண்மை அல்ல.

இந்த மாதம் நான்காம் தேதி எழுதிய கடிதத்தில் முதல் மூன்று குறிப்புகளைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி. நான்காவது தவறு.

உன் பெரியப்பா