நாற்பத்தொரு மணி நேரம்

மார்ச் 3, செவ்வாய்

பாப்பா மதியம் நாற்பது நிமிடம் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று நான்கு முறை போய்ப் பார்த்தேன். நான்காவது முறை என் மூச்சு பட்டே விழித்துக்கொண்டாள்.

அலுவலகத்திலிருந்து பார்சல். கையில் வைத்து ஆடும் சின்னக் கன்சோல், அதில் 'ஆந்தை மகுடம்' கேம். கூடவே ஆசிரியரின் சீட்டு. இந்தச் சின்னதில் எப்படி ஓடுகிறது என்று நூற்றைம்பது சொல்லில் ஒரு பெட்டிச் செய்தி வேண்டுமாம். முழு விமர்சனம் சுருள் எழுதுகிறாளாம். 'வீட்டிலிருந்தே செய்யலாம், சிரமம் இருக்காது.'

சிரமம் இருக்காது! நான்கு வருடம் அந்த இதழின் விளையாட்டுப் பக்கம் என்னுடையது. வாள், மந்திரம், டிராகன் என்று எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். பிரசவ விடுப்பில் போனபோது 'ஆறு மாசம்தானே' என்று ஒரு சின்னப் பெண்ணை அங்கே உட்கார வைத்தார்கள். தலை முழுக்கச் சுருள்முடி, அதனால் அலுவலகத்துக்கே அவள் சுருள். ஆறு மாதம் எட்டாகிவிட்டது. ஏப்ரலில் திரும்பிப் போக வேண்டும். எதற்கு? பெட்டி எழுதவா?

மார்ச் 5, வியாழன்

சுருள் போன் செய்தாள்.

"அக்கா, கேம் கம்பெனிக்காரங்க நம்ம எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணக்குதான் குடுத்திருக்காங்க. நான் இங்க பெரிய கன்சோல்ல ஆடுறதும் நீங்க அங்க ஆடுறதும் அதே கணக்கு. எதுவரைக்கும் ஆடினோம்னு நெட்ல ஒரே ஒரு சேவ்தான் நிக்கும். அதனால வைஃபை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, என்ன? ரெண்டும் முட்டிக்கும்."

"தெரியும்மா. நீ ஸ்கூல் போறப்பவே நான் இதெல்லாம் பண்ணிட்டேன்."

சிரித்தாள். கோபமே வராதா இவளுக்கு?

ஆறு மணி நேரம் ஆடியாயிற்று. ஒரே மூச்சில் இல்லை. பால் கொடுக்கும்போது ஏழு நிமிடம், சோறு வேகும்போது ஐந்து நிமிடம். குறித்துக்கொண்டவை: எழுத்து எறும்பு சைஸ். மூலிகைப் பையைத் திறந்தால் எது வேர், எது விஷம் என்றே தெரியவில்லை, கண்ணருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. சதுப்பு நகரத்தில் நுழைந்ததும் படம் திக்கித் திக்கி நகர்கிறது. தூரத்துக் கோபுரங்களைப் பனியைப் போட்டு மூடிவிட்டார்கள், இந்தச் சின்னப் பெட்டி அதைத் தாங்காது என்பதால். ஆனால் ஒன்று. எந்தச் சண்டையின் நடுவிலும் ஒரே பொத்தானில் அப்படியே உறைய வைக்கலாம். பாப்பா வீறிட்டால் அரக்கன் ஓங்கிய கோடாலியோடு நிற்பான். இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் அங்கேயே நிற்பான். என் வாழ்க்கையில் எனக்காகக் காத்திருக்கும் ஒரே ஆள்.

மார்ச் 8, ஞாயிறு

இதழின் இணையதளத்தில் சுருளின் வீடியோ. என் நாற்காலி. என் மேஜை. எனக்கு வேண்டும் என்று இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு வாங்கிய சுவர் அகலத் திரை. அதில் அந்தக் காடு! நான் பனியாகப் பார்த்த இடமெல்லாம் அவளுக்கு இலை இலையாக அசைகிறது.

இவர் சோபாவில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நல்லா பேசுறா இல்ல?"

"பல்லு நல்லா இருக்கு."

"சும்மா சொல்லேன், நல்லா பேசுறா."

"அப்ப அவளையே வந்து உங்க பொண்ணுக்கு டயப்பர் மாத்தச் சொல்லுங்க."

"இதுக்கு எதுக்கு இவ்ளோ கோவம்?" என்றவர் பாப்பாவிடம், "அம்மா இன்னிக்கு டிராகன் மூட்ல இருக்காங்க, நாம ஓடிரலாம்" என்றார். பாப்பாவும் சிரித்தாள். எல்லாரும் சுருள் கட்சி.

திரையில் தெரிந்தது எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த முகம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஒரு விபரீதம். கேமுக்குப் புதிய அப்டேட் வந்திருந்தது. திக்கல் சரியாகுமா என்று பார்க்க வைஃபை போட்டேன். உடனே திரையில் கேள்வி: இரண்டு சேமிப்புகள் இருக்கின்றன, எதை வைத்துக்கொள்ள? மடியில் இருந்த பாப்பா கையை வீசினாள். பொத்தானில் பட்டுவிட்டது. என்னுடையது தங்கிவிட்டது. சுருளுடையது போயிற்று.

குழந்தை, என்ன செய்வது?

மார்ச் 10, செவ்வாய்

நேற்று எழுதியது பொய்.

எனக்கு நானே எழுதும் நோட்டில் பொய். அதுவும் எட்டு மாதக் குழந்தை மேல் பழியைப் போட்டு. பாப்பா அப்போது தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வைஃபை போட்டது அப்டேட்டுக்குத்தான், அது உண்மை. திரையில் இரண்டு கட்டம் வந்தது. ஒன்றில் முப்பத்தெட்டாம் நிலை, நாற்பத்தொரு மணி நேரம். இன்னொன்றில் ஒன்பதாம் நிலை, பதினொரு மணி நேரம். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு மணி! எனக்குக் குளிக்க நேரம் கிடையாது. பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியேறும் பொத்தானும் அங்கேயே இருந்தது. என்னுடையதை அமுக்கினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆம் என்றேன்.

இரண்டு தடவை அமுக்கியிருக்கிறேன். கை தவறிப் பட்டது என்று சொல்ல வழியில்லை.

மார்ச் 11, புதன்

காலையில் போனில் சுருள். குரல் உள்ளே போயிருந்தது.

"அக்கா, உங்களுக்கு அங்க வைஃபை எப்படியோ ஆன் ஆயிருக்கும்போல. அது பரவால்ல. இங்க 'புது சேவ் வந்திருக்கு, ஏத்துக்கவா'ன்னு கேட்டுச்சு, நான் பாக்காமயே ஆமான்னு குடுத்துட்டேன். என் தப்புதான். சார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

நான் இங்கே சொல்லியிருக்க வேண்டும். "ஐயோ" என்றேன்.

"இன்னும் ஆறு மணி நேரம் ஆடியிருந்தா முடிஞ்சிருக்கும்க்கா. கடைசி வாசல்கிட்ட நின்னேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க சேவ் உள்ள போய்ப் பாத்தேன். ஒரு தடவைக்கு நாலு நிமிஷம், ஆறு நிமிஷம்னு ஆடியிருக்கீங்க. எப்படிக்கா கதை மறக்காம இருக்கு?"

பாப்பா அழுகிறாள் என்று போனை வைத்தேன். அழவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஆசிரியர் அழைத்தார். "முழு விமர்சனத்தையும் நீயே எழுதிடு. அந்தப் பொண்ணுக்குக் கவனம் போதல. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும். முடிக்க முடியலன்னா அவ குறிப்பை வச்சு ஒப்பேத்திக்க, அனுப்பச் சொல்லிட்டேன். ஏப்ரல்ல வந்ததும் பழையபடி பக்கத்தை நீயே பாத்துக்க. அவள வேற எங்கயாவது போட்டுக்கலாம்."

எட்டு மாதமாக எதைக் கேட்க ஏங்கினேனோ அதை அப்படியே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார். "சரி சார்" என்றேன். சத்தியமாக, வைத்ததும் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அரை மணி நேரம்.

பிறகு அவள் குறிப்புகள் வந்தன. இருபத்திரண்டு பக்கம். குறையாக எதையாவது பிடித்துவிடலாம் என்றுதான் திறந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு நாள் முழுக்க ஆடியிருக்கிறாள்: மவுஸ் இருப்பதால் மூலிகைப் பையில் கை வேகமாகப் போகிறது, ஆனால் மழை பெய்யும் காட்சியில் மூன்று முறை தானாக மூடிக்கொண்டது. போனில் இரண்டு மணி நேரம்: கட்டை விரல் எதிரியையே மறைக்கிறது, அரை மணியில் போன் சுடுகிறது. பெரிய கன்சோலில் படமும் சத்தமும் முதல் தரம், பைக்குள் ஒரு பொருளைத் தேடத்தான் ஒன்பது தடவை அமுக்க வேண்டும். எண்ணியிருக்கிறாள்! கடைசிப் பக்கத்தில்: 'அக்காவின் கைக்கன்சோல் பகுதியைப் பெட்டியில் அடைக்காமல் விமர்சனத்துக்குள்ளேயே சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கைக்குழந்தையோடு ஆடுகிறவர் பார்வை நமக்கு வேறு யாரிடம் கிடைக்கும்?'

தேதி மார்ச் 6. எல்லாவற்றுக்கும் முன்னால்.

என்னத்த சொல்ல. அவளுக்கு என் மேல் கொஞ்சமாவது பொறாமை இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

மார்ச் 13, வெள்ளி

இவரிடம் சொன்னேன். காபியை அப்படியே வைத்துவிட்டார்.

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

"சொல்லாமலே விட்டா யாருக்கும் தெரியாது, இல்ல?"

"தெரியாது."

"அப்ப என்ன பண்ணப் போற?"

ஆறிப்போன காபியை எடுத்துச் சிங்க்கில் ஊற்றினேன். அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவளிடம் என்னவோ கதை சொல்லும் சத்தம் கேட்டது. இவள் பெரியவளாகி யாராவது இவளை இப்படிச் செய்தால்? இல்லை, இவள் யாரையாவது இப்படிச் செய்தால்?

ஆசிரியருக்கு முன்னால் சுருளைத்தான் அழைத்தேன். "கை பட்டு நடக்கல. நான் பாத்துப் படிச்சு அமுக்கினேன். ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும்" என்றேன். ஏன் என்று கேட்டாள். உன் நாற்காலி என்று சொல்ல வந்து, "என் நாற்காலி" என்று உளறினேன். லிப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது, அலுவலகப் படிக்கட்டுப் பக்கம் வந்து நின்று பேசியிருக்கிறாள். "சரிங்க" என்று வைத்துவிட்டாள். 'சரிங்கக்கா' இல்லை.

அதன் பிறகு ஆசிரியர். அவர் கத்தியிருந்தால் தேவலை. "லீவு முடிஞ்சு வா, பேசிக்கலாம்" என்றார்.

மார்ச் 14, சனி

பாப்பாவுக்கு லேசாகச் சூடு. பல் என்கிறார் டாக்டர். வேறு எதுவும் எழுத முடியவில்லை.

மார்ச் 18, புதன்

ஆசிரியரின் மெயில், ஐந்து வரி. விமர்சனம் சுருள் பெயரில் வருகிறது, அவளுக்காக ஐந்து நாள் தள்ளி வைத்தார்கள். என் பெட்டி வேண்டாம். விளையாட்டுப் பக்கம் இனி நிரந்தரமாக அவளுடையது. ஏப்ரலில் எனக்கு வாசகர் கேள்வி-பதில் பகுதி. வேலையை விட்டு எடுக்கவில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். 'போன் சார்ஜ் ஏறவில்லை, என்ன செய்வது?' எனக்கு வேண்டியதுதான்.

மார்ச் 21, சனி

விமர்சனம் வந்துவிட்டது. இவர் வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் பாப்பாவைக் குளிப்பாட்டப் போனார்.

நின்றுகொண்டே படித்தேன். நடுவில் ஒரு வாக்கியம்: 'இவ்வளவு அழகான காட்டைச் செய்துவிட்டு, அதில் ஒரு நிமிடம்கூடத் தொலைந்துபோக விடாமல், போகும் திசையெல்லாம் ஓர் அம்புக்குறியைக் கூடவே நடக்க விட்டிருக்கிறார்கள், அதை நிறுத்தவும் வழியில்லை.'

பதினொரு மணி நேரம் அதே அம்புக்குறியின் பின்னால் போனவள் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை? வயிறு எரிந்தது. இந்த முறை அவள் நாற்காலிக்காக இல்லை. அந்த வாக்கியத்துக்காக.

கன்சோலைத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்தேன். பிரித்தேன். மெனுவெல்லாம் குடைந்தேன். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பகுதியில் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: 'வழிகாட்டும் அம்பு.' அணைத்தேன். அணைந்துவிட்டது! அவள் தவறவிட்டதை நான் பிடித்துவிட்டேன். மறைப்பானேன், குதிக்காத குறை. ஆசிரியருக்கு ஒரு மெயில் போட்டால் போதும், திருத்தம் போட வேண்டியிருக்கும், அடுத்த இதழில், அவள் பெயருக்குக் கீழே.

மெயிலைத் திறந்தும் விட்டேன். மூடினேன்.

சுருளுக்கு எழுதினேன்: 'வாக்கியம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா சின்னக் கன்சோலில் அம்பை அணைக்க வழி இருக்கு. சாரிடம் சொல்லவில்லை. நீயே பார்த்துக்கொள்.'

முக்கால் மணி நேரம் கழித்துப் பதில். எட்டு நாளில் முதல் வரி.

'பெரியதில் இல்லையே. எந்த மெனு?'

பாப்பா ஈரத் தலையோடு என் தோளில் ஏறிக்கொண்டிருக்கிறாள். ஒரு கையால் மெனுவைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் படம் ஆடிவிட்டது, இன்னொன்று எடுக்க வேண்டும்.