சத்தமில்லாத இன்ஜின்

அன்புள்ள அம்மாவுக்கு, குரு வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நல்லம்பள்ளியில் மழை பெய்ததா? நான் சுகமே.

நான் வேலை பார்க்கும் இந்த அமெரிக்கச் சின்ன ரயில் கம்பெனிக்கு அரசாங்க உதவிப் பணத்தில் புகை விடாத பேட்டரி இன்ஜின் வந்திருக்கிறது. பழைய டீசல் வண்டி வந்தால் தரையே அதிரும். இது பூனைபோல வருகிறது.

போன வாரம் தண்டவாளத்தில் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "டேய் குரு!" என்று ஒரு குரல். மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனிதர், இல்லாவிட்டால் பேய், திரும்பாதே என்பாயே, அதனால் திரும்பவில்லை. மறுபடியும், "தள்ளிக்கடா சாமி!" சட்டென்று விலகினேன். இன்ஜின் உரசினாற்போலப் போனது. அடி ஒன்றுமில்லை, பயந்துகொள்ளாதே.

இங்கே தமிழ் பேச ஆளே கிடையாது. அப்பா சாகும்வரை தருமபுரி லைனில் கேங்மேன். வண்டி வரும்போது ஆட்களை இந்தக் குரலில்தான் விலக்குவார்.

பார்சல் அனுப்பினால் கொள்ளுப்பொடியோடு அவருடைய விசிலையும் வை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவர் இரண்டு தடவைதான் கூப்பிட்டிருக்கிறார், அம்மா. மூன்றாவது தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

உன் மகன்,
குரு