மூடி திறந்தால் நிற்குமா?

2007 பிப்ரவரி 6

இன்றைக்கும் ஜெஸ்ஸி இரண்டு எழுத்தை உடைத்துவிட்டாள். அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ் லட்சுமணன் சார் வீட்டுப் பெயர்ப் பலகை. சுழி வரைக்கும் நன்றாக வந்த ரம்பம் கடைசி வளைவில் வழுக்கிவிட்டது. அக்ரிலிக் ஷீட் என்ன சும்மாவா வருகிறது என்று கத்திவிட்டேன். "கை மரத்துப் போவுது ரேணு. இன்னா பண்ணச் சொல்ற?" என்றாள்.

ஆறு வருடமாக நான் வரைகிறேன், அவள் அறுக்கிறாள். வருகிறதில் ஆளுக்குப் பாதி. புதுப்பட்டினத்தில் எங்களை விட்டால் கையால் எழுத்து அறுக்க ஆள் கிடையாது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது?

பிப்ரவரி 9

லட்சுமணன் சார் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சென்னையில் லேசரில் வெட்டுகிறார்களாம், விளிம்பு பளபளவென்று இருக்கிறதாம். "அப்ப சென்னைக்கே போங்க சார்" என்றேன். வாய் எனக்கு எப்போதும் முந்திக்கொள்ளும்.

அவர் போன பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து ஆள். விளையாட்டு விழாவுக்கு நானூறு ஷீல்டு, ஏப்ரல் இருபதுக்குள். முடியுமா முடியாதா, மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். கையால் முடியாது. லேசர் மெஷின் வாங்கினால் முடியும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

சென்னையில் மெஷின் கண்காட்சிக்கு இரண்டு பேரும் போனோம். எங்கள் ஷீட்டையே ஒரு துண்டு கையோடு கொண்டுபோனேன். அவர்கள் வைத்திருக்கும் ஷீட்டில் எந்த மெஷினும் நன்றாகத்தான் வெட்டும்.

நாங்கள் தொடக்கூடிய விலையில் இரண்டே இரண்டு. பெரியது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஒரு ஷீல்டை எழுத்தோடு எட்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறது. மூடி என்று ஒன்று இருக்கிறது, அது தூசிக்கு மட்டும்தான். திறந்தாலும் உள்ளே கதிர் ஓடிக்கொண்டே இருக்கும். சின்னது இரண்டு அறுபது. அரை மணி நேரம் தின்கிறது. மூடியைத் தூக்கினால் அந்த நொடியே கதிர் அணைந்துவிடும். சின்னதற்கு விலை அதிகம், பெரியதற்குக் குறைவு! என்ன கணக்கோ.

ஜெஸ்ஸி கேட்டது ஒரே கேள்வி. பெரியதைக் காட்டி, "மூடியத் தெறந்தா நிக்குமா?" என்றாள். விற்பவன் சிரித்தான். "நீங்க ஏன்மா உள்ள கைய வுடப் போறீங்க?" நானும் சேர்ந்து சிரித்தேன். மாமல்லபுரம் வரும்வரை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

பிப்ரவரி 19

வேகம்தான் சோறு போடும். பெரியதுதான்.

பிப்ரவரி 23

ஒரு நினைப்பு வந்துவிட்டது, போகமாட்டேன் என்கிறது. மெஷின் வந்தால் ஒரு ஆள் போதும். கம்ப்யூட்டரில் வரைய நான், பொத்தானை அமுக்கவும் நானே. ஜெஸ்ஸிக்கு என்ன வேலை? பாதிப் பங்கு எதற்கு?

சீ. எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் எழுதியதை அடிக்கவும் மனசு வரவில்லை.

பிப்ரவரி 27

பெரியதற்கு முன்பணம் நாற்பதாயிரம் கட்டியாயிற்று. பள்ளிக்கும் சரி சொல்லிவிட்டேன். ஜெஸ்ஸியிடம் சொன்னதற்கு, "நீ சொன்னா சரி" என்றாள். டீக்குச் சர்க்கரை எத்தனை என்பதற்கே சண்டை பிடிப்பவள் அவள். ஏன் இப்படி?

மார்ச் 5

எழுதித்தான் ஆக வேண்டும்.

வெள்ளை ஷீட்டில் சிவப்பாக ஏதோ இழுத்த மாதிரி இருந்தது. பெயின்ட் என்று நினைத்தேன். ஜெஸ்ஸியின் ஆள்காட்டி விரலில் ரம்பத்து முனை ஒடிந்து ஏறியிருக்கிறது, ரத்தம் சொட்டுகிறது, அவள் பாட்டுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்! "ஏய், கை!" என்று கத்தினேன். வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

குண்டூசியால் குத்திப் பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மூன்றிலும் ஒன்றும் தெரியவில்லை.

"எத்தினி நாளா இப்டி?"

"தீபாவளிலருந்து."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா வூட்ல ஒக்காருன்னுவ. மெஷினு வந்தா நான் இன்னாத்துக்குன்னு நீ மனசுல ஓட்டிகினு கீற. தெரியாதா எனக்கு?"

துணியைக் கிழித்து அவள் விரலில் சுற்றினேன்.

அந்தக் கேள்வி! மூடியத் தெறந்தா நிக்குமா. வெட்டிய துண்டை எடுக்கக் கையை விட்டால், கதிர் பட்டாலும் இவளுக்குத் தெரியாது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தெரியும். அதைத்தான் கேட்டிருக்கிறாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பாவி நான்.

மார்ச் 6

விற்றவனுக்குப் போன் போட்டேன். முன்பணம் திரும்ப வராதாம். கையுறை போட்டுக்கொள்ளச் சொல்கிறான்.

லட்சுமணன் சார் மீதிப் பணம் கொடுக்க வந்தார். அவரிடம் கேட்டேன். அவர் ஆபீஸில் கதவு திறந்தால் எதுவும் ஓடாதாம். "மூடிக்கு ஒரு சுவிட்ச் நானே வெச்சித் தரேன்மா" என்றார். அப்பாடா என்றிருந்தது. உடனே அவரே, "ஆனா அவசரம்னா அது மேல டேப்ப ஒட்டி அமுக்கி, தெறந்தே ஓட்டுவாங்க. எல்லா எடத்துலயும் அதான் நடக்குது" என்றார்.

ஒட்டுவேன். என்னை எனக்குத் தெரியும். நானூறு ஷீல்டு காத்திருந்தால் இரண்டாம் நாளே ஒட்டுவேன்.

மார்ச் 8

பெரியது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பதாயிரம் போச்சு. சின்னதற்கு எழுதிக் கொடுத்தாயிற்று, அது ஏப்ரலில்தான் வரும். பள்ளி ஆர்டரும் போச்சு.

"பைத்தியமா ஒனக்கு?" என்றாள் ஜெஸ்ஸி.

"நீ இல்லாம கடைய ஓட்டலாம்னு நெனச்சேன். நெஜமாவே நெனச்சேன்" என்றேன்.

"நீ இப்டி நெனைக்கிறன்னு தாவீது கைல அன்னிக்கே சொன்னேன்" என்றாள். தாவீது அவள் வீட்டுக்காரர். பையை எடுத்துக்கொண்டு மத்தியானமே போய்விட்டாள்.

மார்ச் 9

வரவில்லை.

மார்ச் 11

வரவில்லை. அவள் தெருவரை போய்த் திரும்பிவிட்டேன். என்ன முகத்தோடு கதவைத் தட்டுவது?

மார்ச் 13

வந்தாள். உட்காரக்கூட இல்லை. "மெஷின நான்தான் ஓட்டுவேன். நீ அதுல கைய வெக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். என் பங்குக்கு நானும் ஒன்று கேட்டேன். நாளைக்கே டாக்டரிடம் வர வேண்டும். முணுமுணுத்தாள், ஒத்துக்கொண்டாள்.

மார்ச் 14

செங்கல்பட்டில் காட்டினோம். மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கிடக்கிறதாம், ஆபரேஷன் செய்ய வேண்டும். உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரு வாரத்தில் இன்றுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஏப்ரல் 16

மெஷின் வந்து நான்கு நாள். ஆமை. கரண்ட் போனால் முதலிலிருந்து வெட்ட வேண்டியிருக்கிறது. ஒரு பெயர்ப் பலகைக்கே பொழுது போகிறது.

இன்று கதிர் ஓடும்போதே இரண்டு முறை மூடியைத் தூக்கிக் கையை விட்டாள். வெட்டி முடிந்துவிட்டது என்று நினைத்தாளாம். இரண்டு முறையும் நின்றது.

மே 22

ஆபரேஷன் முடிந்தது. கட்டு. கடையில் நான் மட்டும். அவள் சொன்னபடி மெஷினைத் தொடவில்லை. வந்த வேலையைத் தள்ளித் தள்ளிப் போடுகிறேன்.

ஜூலை 30

தையல் ஆறி, வேலைக்கு வந்துவிட்டாள். விரல் அப்படியேதான். குண்டூசியைத் தானே எடுத்துத் தினமும் குத்திப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்காமல் டப்பாவில் போடுகிறாள். டாக்டர் பொறு என்கிறார். எத்தனை நாள் பொறுப்பது?

செப்டம்பர் 11

காலையில் வழக்கமான பலகை வேலை. மெஷின் நின்றதும் மூடியைத் திறந்து எழுத்தை எடுத்தாள். "அய்யய்யோ!" என்று கத்தித் தூக்கிப் போட்டாள். மெஷினைத் திட்டினாள், என்னைத் திட்டினாள். "ஆறட்டும்னு சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு? சூடு—"

நிறுத்திவிட்டாள். விரலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அடுத்த எழுத்து வெட்டி முடியும்வரை மெஷின் பக்கத்திலேயே நின்றாள். மூடியைத் திறந்து வேண்டுமென்றே அதே விரலால் தொட்டாள்.

"இதும் சுடுது" என்றாள்.