திறந்து வைத்த துப்பாக்கி

மார்ச் 9

இன்றும் மண் லாரிகள் விடாமல் வந்தன. முகத்துவாரக்குப்பத்துக்காரர்கள் இறால் பிடிக்கும் ஆற்றோரத்தைக் கம்பெனி மேடாக்கிக்கொண்டிருக்கிறது. கேட்டில் காவல் நான். இருபத்தெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவன், சொந்தமாக இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவன் என்றுதான் வேலையே கொடுத்தார்கள். குழலை மடித்துத் திறந்தபடிதான் கையில் போட்டிருப்பேன். தோட்டா இல்லை என்று போகிற வருகிற பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் தங்கை இருதயம்மாள் அந்தக் குப்பத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

மேனேஜர் செல்வநாதனுக்கு அது பிடிக்கவில்லை. "மூடி வச்சுக்கோங்க சார். பார்த்தா பயம் வரணும்ல?"

யாருக்கு வர வேண்டும்?

மார்ச் 17

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். வழக்கம்போல், தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். நிம்மதியாக இருக்கிறது. ஒரு சிப்பாய்க்கு இது வெட்கக்கேடு.

ஏப்ரல் 2

இருதயம்மாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். இறால் இல்லை, வெறும் சாம்பார்.

"ஆத்துல இன்னா கீது ண்ணா, சேறுதான் கீது. எலெக்‌ஷன் முடியட்டும், லாரி முன்னால குந்திக்கப் போறோம். அன்னிக்கு நீ லீவு போட்டுடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிக் கொடுத்தேன்.

மே 6

ஓட்டும் எண்ணியாகிவிட்டது. துப்பாக்கி எப்போது வரும் என்று செல்வநாதன் மறுபடியும் கேட்கிறார். தோட்டா அவரே வாங்கித் தருகிறாராம்! எல்லையில் நின்றபோது எதிரில் யார் என்று நான் யோசித்ததில்லை. இங்கே — என் தங்கச்சி. அவ மேல நீட்டவா இத்தினி வருஷம் துப்பாக்கி தூக்கினேன்? போங்கடா.

மே 9

ஸ்டேஷனுக்குப் போனேன். துப்பாக்கியை வாங்கவில்லை. லைசென்ஸே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "வேலை போயிடுமே சார்?" என்றார் ரைட்டர்.

மே 11

போய்விட்டது.

மே 14

லாரிகளை மறித்து உட்கார்ந்தோம், நானும்தான். கேட்டில் புது ஆள். பார்த்தால், நம்ம வெற்றிப் பயல்! என் ரெஜிமெண்ட், எனக்குக் கீழே இருந்த பையன். என்னைக் கண்டதும் பழக்கத்தில் விறைத்து நின்றான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனைத் திட்டவும் மனசு வரவில்லை.

இருதயம்மாள் என் சட்டையை இழுத்தாள். "இன்னா ண்ணா, அவன் துப்பாக்கி உன்து மாதிரி மடிஞ்சி இல்லியே?"

மூடியிருந்தது. அவளை என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து உட்காரச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். வெயில் அடிக்கிறது என்றேன்.

நாளைக்கும் முன்வரிசையில் நான்தான் உட்கார வேண்டும்.