ஒரே குப்பியில் பிறந்தவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் இல்லை. ஒரு தட்டு நிறைய ஈ முட்டைகளுக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூட சென்ட்ரோசோம் இல்லை. நல்ல முட்டையில் ஒவ்வொரு உட்கருவுக்கும் இரு பக்கமும் ஒரு புள்ளி நிற்கும். அதுதான் சென்ட்ரோசோம். இழைகளை வீசி உட்கருவை இரண்டாகப் பிரிக்கும். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, நடுவில் சுவரே எழும்பாமல் ஆயிரக்கணக்கில் பெருகும். சுவரில்லாத ஒரே வீட்டில் அத்தனை பேரும். எங்கள் வீடு போலத்தான்.

தாய் ஈக்கு ஒரு மரபணு கெட்டிருந்தால் முட்டையில் சென்ட்ரோசோம் வராது என்று கண்டுபிடித்தது அக்கா. எனக்கு முன்னால் இதே மேசையில் இருந்தவள். அப்புறம் அவள் தம்பியை நான் கட்டிக்கொண்டேன். நாத்தனார் ஆன பிறகும் வாயில் அக்காதான் வருகிறது. அந்த மரபணுவைத் தாய்க்குத் திருப்பிக் கொடுத்து சென்ட்ரோசோமை வரவழைத்தால் எனக்குப் பட்டம். ஐந்தாவது வருடம் நடக்கிறது. "உன் கை சரியில்லை" என்கிறார் பேராசிரியர்.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவுக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. எல்லாம் அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையின் புண்ணியம். மாமியாருக்குத் தரையில் கால் பாவவில்லை. "ஒருத்தி ஈயைப் பிடிச்சே முன்னேறிட்டா. இன்னொருத்தி இன்னும் ஈ ஓட்டிட்டிருக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த வீட்டில் அழ வேறு இடம் எங்கே இருக்கிறது?

மார்ச் 12, புதன்

குப்பியில் பூஞ்சை பிடித்து ஆண் ஈக்கள் செத்துக் கிடந்தன. அக்கா எழுதிவைத்த முறைப்படி, தாய் ஈக்களோடு அதே குப்பியில் பிறந்த ஆண்களைத்தான் கூண்டில் விடுவோம். வேறு வழியில்லை, பக்கத்து மேசையில் சாதாரண ஆண்களைக் கடன் வாங்கிப் போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

இருக்கிறது. எல்லா முட்டையிலும் புள்ளி புள்ளியாக.

மரபணுவைத் திருப்பிக் கொடுக்காத தாயின் முட்டையிலும் இருக்கிறது. அதில் எப்படி வரும்?

மார்ச் 15, சனி

முதல் வருடப் பாடம். சென்ட்ரோசோமுக்கான விதையை முட்டைக்குள் கொண்டுவருவது ஆணின் விந்து. அதன் வால்கூட உள்ளே சுருண்டு கிடக்கும், சாயமிட்டால் தெரியும். என் பழைய முட்டைகளில் தேடினேன். வால் இல்லை. அக்கா பதப்படுத்தி வைத்திருந்த முட்டைகளையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை.

ஒரே குப்பியில் பிறந்த ஆண்களுக்கும் அந்த மரபணு கெட்டுத்தானே இருக்கும். அவை மலடு. தாய்மேல் ஒரு பழுதும் இல்லை. கருவே தரிக்காத முட்டையில் இத்தனை வருடம் எதைத் தேடினேன் நான்? என் கைக்கு என்ன குறை?

மார்ச் 18, செவ்வாய்

சொன்னால் அக்காவின் கட்டுரை போகும், கூடவே வேலையும். சொல்லாவிட்டால் அதே பொய்யின்மேல்தான் என் பட்டமும். காலையில் வழக்கம்போல எனக்கும் சாப்பாடு கட்டி வைத்திருந்தாள்.

மார்ச் 20, வியாழன்

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மார்ச் 24, திங்கள்

பேராசிரியரிடம் காட்டினேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"சொல்லாதே. அவ முதல்ல வேலையில சேரட்டும். உனக்கு வேற தலைப்பு தர்றேன், ஆறு மாசத்துல முடிச்சிடலாம்."

படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். வேலைக்கென்று வாங்கிய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நடந்து காட்டினாள். "நான் போய்க் காலூன்றினதும் உன்னையும் அங்க இழுத்துக்கறேன்" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. பாத்திரம் கழுவியபடி, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"வாலைத் தேடினியா?"

"தேடினேன்."

"என் முட்டையிலயும்?"

"ம்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

"உலகத்துல ஆயிரம் தப்பு நடக்குது. உனக்கு எங்க அக்காதான் கிடைச்சாளா?" என்றார் என் கணவர். மாமியார் அதுவும் கேட்கவில்லை. எனக்குத் தட்டு வைப்பதோடு சரி.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆய்வகத்துக்கு அக்கா தானே வந்தாள். நுண்ணோக்கியில் எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"இது எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"மூணு வாரம் ஆச்சு, அக்கா. சார்கிட்ட முன்னாடியே காட்டிட்டேன்."

"தப்பு என்னோடது, ஒத்துக்கறேன். நான் கட்டிக் குடுத்ததைத் தின்னுட்டு, இத்தனை நாள் எப்படிடி என் முகத்தைப் பார்த்தே? சார்கிட்டப் போய்ச் சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்டச் சொல்ல வாய் வரலையா?"

நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அக்கா எழுதி அனுப்பிவிட்டாள். பேராசிரியரைக் கேட்கவே இல்லை. வேலை கொடுத்தவர்கள் இப்போதைக்குச் சேர வேண்டாம் என்றுவிட்டார்களாம். புதுத் தலைப்பு கிடையாது என்றுவிட்டார் பேராசிரியர். என் ஆறு மாதக் கணக்கும் அதோடு போயிற்று.

இன்று காலை பேருந்து நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஆய்வகத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாய் ஈக்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"இந்த மரபணு நிஜமா என்ன பண்ணுதுன்னு பார்த்துடலாம். இங்க உன்கூடப் பேசுவேன். வீட்ல எதிர்பார்க்காதே" என்றாள்.

சரி என்றேன். சாயங்காலம் ஒரே பேருந்தில்தான் திரும்பினோம். அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் கடைசி வரிசையில்.